ஒன்பதாம் நம்பர் செருப்பு

பத்தே நிமிஷம் மேடம், இதோ கிளம்பிட்டேன்னு சவரிமுத்து சொன்னதுக்கப்புறம் பால் காய்ஞ்சு, காப்பி குடிச்சு, டம்ளரைக் கழுவிக் கவுத்தும் ஆச்சு, தெருமுனையில இன்னும் வண்டிச் சத்தத்தைக் காணோம். வீடு ரிப்பேர் பாக்குற காண்ட்ராக்டர்களோட பத்து நிமிஷம் எந்தக் கடிகாரத்துல ஓடுதோ. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எதுக்கு நிக்கணும், வந்தா பெல் அடிக்கப்போறாரு, உக்காரேன்டி மங்கை. உக்காந்தாச்சு. எந்திரிச்சாச்சு. மறுபடியும் ஜன்னல். கிழக்கே பொன்மலைப் பக்கம் வானம் கருத்துக்கிட்டு வருது. புரட்டாசி முடியப்போகுது, ஐப்பசி அடைமழை பிடிச்சுக்கிட்டா அவ்வளவுதான், மொட்டைமாடியில ஒரு மூலையில தளத்து மேல பதிச்ச தட்டோட்டைப் பேத்துப் போட்டது போட்டபடி கிடக்கு, அதுக்கு நேர் கீழ என் படுக்கையறை. மேல ஒரு தார்ப்பாய், நாலு பக்கமும் செங்கல். காத்தடிச்சா அது படபடன்னு அடிச்சுக்குது, அது அடிச்சுக்குறப்பல்லாம் எனக்கும் நெஞ்சு அடிச்சுக்குது. ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை குடுக்குற உத்தியோகம் எனக்கு. போன மாசம் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து பாத்தா கட்டில்ல, தலகாணி மேல, சரியா நான் தலை வைக்கிற இடத்துல சீலிங் பேந்து விழுந்து கிடக்குது. சின்னப் பூச்சு இல்ல, கட்டி, ரெண்டு கையாலதான் தூக்க முடிஞ்சுது. அண்ணாந்து பாத்தா துருப்பிடிச்ச கம்பி பல்லைக் காட்டுது. நல்லவேளைன்னு சொல்ல பக்கத்துல ஒரு ஆள் இல்ல, நானே சத்தமா நல்லவேளைன்னு சொல்லிக்கிட்டேன். என் குரல் எனக்கே யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. அன்னையிலேருந்து ஹால்ல பாய் போட்டுத்தான் படுக்கை. இப்ப என்னடான்னா, வேலைக்கு ஆள் கிடைச்சு, தட்டோட்டைப் பேத்தும் பாத்தாச்சு, ஆனா சவரிமுத்து அதுக்குமேல கடப்பாரையைத் தொடமாட்டேங்குறாரு. சார் ஒரு வார்த்தை சொல்லணுமாம். சார் வாயால கேக்கணுமாம். எங்கேருந்து சொல்றது, அப்படி ஒரு சாரே கிடையாதே. நான் உண்டாக்கினது.

வாசல்ல கிடக்கே அந்தச் செருப்பு, அதுலேருந்து ஆரம்பிச்சது எல்லாம். கறுப்பு, தோல், ஒன்பதாம் நம்பர். இந்த வீட்டை என் பேர்ல வாங்கி, லோன் போட்டு, பால் காய்ச்சிக் குடிவந்த புதுசுல சிலிண்டர் போட வந்தவன் வீட்டை ஒரு சுத்துப் பாத்துட்டு, தனியாவா இருக்கீங்கன்னு கேட்டான். சும்மாதான் கேட்டிருப்பான். ஆமான்னு சொல்லிட்டேன், எனக்கு அப்ப சூது வாது தெரியல. மறுநாள் மத்தியானம் கேட்டுக்கு வெளிய எவனோ ஒருத்தன் சிகரெட் பிடிச்சுக்கிட்டு நின்னான். அவனும் இவனும் ஒண்ணா, வேறயா, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவன் எதையும் பண்ணல, பாத்துக்கிட்டே நின்னான், நான் சமையக்கட்டுல காய் நறுக்குற கத்தியைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன், அவன் போனதுக்கப்புறமும் நின்னேன். மறுநாள் மலைக்கோட்டைப் பக்கம் போய் செருப்புக்கடையில ஆம்பளைச் செருப்பு வேணும்னேன். சாருக்கு என்ன சைஸ் மேடம்? எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆம்பளைக் கால் அண்ணனோடது, அது ஏழு. அண்ணன் வேணாம், கொஞ்சம் பெரிய ஆளா இருக்கட்டும்னு ஒன்பதுன்னு சொல்லிட்டேன். சார் நல்ல உயரம் போலன்னு கடைக்காரர் சிரிச்சாரு, எனக்கு வெக்கமே வந்துடுச்சு, கண்றாவி, இல்லாத புருஷனுக்கு வெக்கம் ஒரு கேடு. புதுசா பளபளன்னு கிடந்தா ஊருக்குத் தெரிஞ்சுடும்னு வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டு ஹாலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து தேச்சேன். இப்பவும் தினம் சாயங்காலம் அதைக் கொஞ்சம் நகத்தி வைக்கிறது என் வேலை. ஒரு நாள் நேரா, ஒரு நாள் ஒண்ணு மேல ஒண்ணு, வந்த அவசரத்துல கழட்டிப்போட்ட மாதிரி. சாமி விளக்கு ஏத்த மறந்த நாள் உண்டு, இதை மறந்ததில்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்க. சிரிக்கிறவங்க ஒரு வாரம் தனியா இருந்து பாக்கட்டும்.

சரி, செருப்போட நிறுத்தியிருக்கலாம். அது பேசாது, சும்மா கிடக்கும். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதது நான். முதல்ல வந்த காண்ட்ராக்டர் சீலிங்கையே பாக்கல, சார் எப்ப வருவாரு, சார் இருக்கப்போ வர்றேன்னு வாசலோட போயிட்டாரு. அடுத்தவர் உள்ள வந்து அண்ணாந்து பாத்து, இதெல்லாம் ஒங்களுக்குப் புரியாதும்மான்னாரு. புரியாதாம். எந்த மாத்திரையை எதோட சேத்துக் குடுத்தா உசுரு போகும்னு எனக்குப் புரியும், தண்ணி எங்கேருந்து ஒழுகுதுன்னு புரியாதா? சவரிமுத்து மட்டும்தான் ஒரு கட்டையால சீலிங்கைத் தட்டித் தட்டிக் காதைக் குடுத்துக் கேட்டாரு. அந்த ஒண்ணுக்காகவே பிடிச்சுப்போச்சு, டாக்டர் முதுகைத் தட்டிப் பாக்குற மாதிரி. நானும் விவரமா எல்லாம் கேட்டேன். ஏற்கெனவே வேலை பாத்த வீடு எது, அங்க போய்ப் பாக்கலாமா, சிமெண்ட் யாரு வாங்குறது, பாதியில போட்டுட்டுப் போயிட்டா என்ன பண்றது. எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு, ஆனா முகத்தை என் பக்கம் திருப்பல, வாசல்ல கிடந்த செருப்பைப் பாத்தே சொன்னாரு. கேள்வி என்னோடது, பதில் ஒன்பதாம் நம்பருக்கு. எனக்குக் கோவம் ஏறிடுச்சு. சார் பேரு என்னங்க மேடம்னாரு. அன்னிக்கு மத்தியானம்தான் எங்க மருந்து ஜன்னல்ல ஒருத்தர் சர்க்கரை மாத்திரை பத்தலன்னு ஊரே கேக்குற மாதிரி கத்திட்டுப் போனாரு, அந்தப் பேருதான் நாக்குல நின்னுச்சு. பரமானந்தம்னு சொல்லிட்டேன். வெளியூர்ல வேலை, மாசம் ஒரு தடவை வருவாரு. அதோட விட்டேனா? வேலை சுத்தமா இருக்கணும்ங்க, ஏனோதானோன்னு இருந்தா அவருக்குப் பிடிக்காது, பெரிய கோவக்காரருன்னு வேற அள்ளி விட்டேன். ஒழுங்கா வேலை பாக்கட்டுமேன்னு ஒரு பயம் காட்டினேன். மனுஷன் நல்லாவே பயந்துட்டாரு. தட்டோட்டைப் பேத்துப் பாத்தப்போ உள்ள கம்பி நாங்க நினைச்சதைவிட மோசம். மேடம், ரெண்டு வழி இருக்கு, இப்படியே ஒட்டுப்போட்டு மேல கெமிக்கல் பூசலாம், கொஞ்ச காலம் தாங்கும், இல்ல, இந்த ரூம் மேல இருக்கிறதை முழுசா பேத்து, துருவைச் சுரண்டி, புதுசா கம்பி சேத்துக் கட்டிப் போடணும். முழுசா எடுங்கன்னு அங்கேயே சொன்னேன். தலையைச் சொறியிறாரு. சார் கோவக்காரருங்குறீங்க. இப்படித்தான் ஒரு வீட்டுல அம்மா சொன்னாங்கன்னு சுவத்தை இடிச்சேன், அய்யா வந்து யாரைக் கேட்டு இடிச்சன்னு சட்டையைப் பிடிச்சுட்டாரு, தெருவே வேடிக்கை பாத்துச்சு மேடம். சார்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசிக்கிறேனே.

அவரைச் சொல்லிக் குத்தமில்ல, அதுதான் இன்னும் எரிச்சலா வருது. சாயங்காலம் போன் பண்ணி, அவர்கிட்ட கேட்டுட்டேன், முழுசாவே எடுக்கச் சொல்லிட்டாருன்னேன். ரொம்ப நல்லதுங்க மேடம், சார் நம்பரை அனுப்புங்க, நானே ஒரு தடவை காதால கேட்டுக்கிறேன். நம்பர். எந்த நம்பர்? சர்க்கரை மாத்திரைக்காரர் நம்பரா? சிக்னல் இல்லாத இடம்னு என்னென்னவோ உளறி வச்சுட்டேன். வேற ஆளைக் கூப்பிடலாம்னா முடியாது, ஒருத்தர் கை வச்ச வேலையை இன்னொருத்தர் தொடமாட்டாங்க, அது அவங்களுக்குள்ள ஒரு முறை, போன்லயே சொல்லிட்டாங்க, அவரையே முடிச்சுக் குடுக்கச் சொல்லுங்கம்மான்னு. சார் செத்துட்டாருன்னு சொல்லிடலாமான்னு நேத்து பல்லு விளக்கும்போது யோசிச்சேன். சே, என்ன யோசனை, ஆனா ஒரு நிமிஷம் நிஜமாவே யோசிச்சேன், அப்புறம் துக்கம் விசாரிக்க வருவாரே, மாலையோட வந்து நின்னா போட்டோவுக்கு எங்க போறது. சிரிப்பு வந்துச்சு, வாய் பூரா நுரை. இன்னொரு வழி அண்ணன். தியாகேசன் அண்ணன் துறையூர்லேருந்து காலையிலயே ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. நீ எதுவும் பேசாத, நான் மத்தியான பஸ்ல வர்றேன், ஆம்பளை நின்னு பேசுனாத்தான் இவனுங்ககிட்ட வேலை நடக்கும். வரட்டுமே, சவரிமுத்து முன்னாடி நிக்கட்டும், ஏழாம் நம்பர் காலோட, நான்தான் சார், உடைய்யான்னு சொல்லட்டும், இன்னிக்கே முடிஞ்சுபோகும். முடியும், எல்லாமே முடியும். அண்ணன் கெட்டவரு இல்ல, அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வச்சது அவருதான். ஆனா அண்ணன் மாடி ஏறி அந்தக் கம்பியைப் பாத்தா அடுத்த வார்த்தை என்ன வரும்னு எனக்கு மனப்பாடம். இந்த இத்துப்போன வீட்டைக் கட்டிக்கிட்டு ஏன் அழற, வித்துடு, எங்க வீட்டு மாடியில ரூம் சும்மாதானே கிடக்கு, வந்து இரு. அந்த ரூமை எனக்குத் தெரியும். அண்ணி அதுல கொலு பொம்மைப் பெட்டியும் பழைய ஃபேனும் போட்டு வச்சிருக்காங்க. என்னையும் அதோட வச்சுடுவாங்க, அன்பாத்தான் வைப்பாங்க, வேளாவேளைக்குச் சோறு வரும், மங்கை அத்தை மேல இருக்காங்கன்னு வர்றவங்களுக்குச் சொல்லுவாங்க. போன வருஷம் ஒரு புரோக்கரையே கூட்டிக்கிட்டு வந்தாரே, சும்மா பாக்க வந்தவருன்னு. அந்த ஆளு ஹால்ல நின்னு காலடியால தரையை அளந்தான். என் வீட்டுத் தரையை. வேணாம். வேணவே வேணாம்.

அப்ப உண்மையைச் சொல்லிடு. சொல்றது என்ன பெரிய கம்ப சூத்திரமா? சார்னு யாரும் இல்லீங்க, வீடு என்னோடது, நான் சொல்றேன், முழுசா எடுங்க. இவ்வளவுதான். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன், நல்லாத்தான் வந்துச்சு, மருந்து ஜன்னல்ல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு சொல்ற அதே குரல். அங்க என் பேச்சை எவ்வளவு பெரிய மீசைக்காரரும் தட்டினதில்ல. ஆனா அந்த ஜன்னலுக்குக் கம்பி உண்டு, இங்க? சவரிமுத்துவுக்குச் சொன்னா அவரு ஆளுங்களுக்குத் தெரியும், ஆளுங்களுக்குத் தெரிஞ்சா டீக்கடைக்குத் தெரியும், அந்த வீட்டுல அந்தம்மா தனியாத்தான் இருக்கு, செருப்பெல்லாம் சும்மா. வேலைக்கு வர்றவங்க அப்படிப்பட்டவங்கன்னு சொல்லல, நல்லவங்களாத்தான் இருப்பாங்க, கேட்டுக்கு வெளிய சிகரெட் பிடிச்சவன்கூட நல்லவனா இருந்திருக்கலாம், யாரு கண்டா? யாரு கண்டாங்குறதுதானே பயமே. மாடிப்படி வேற வெளிப்பக்கமா இருக்கு. மாடிக்கதவுத் தாழ்ப்பாள் ஒரு இழு இழுத்தா கையோட வந்துடும். கூரையும் வேணும், செருப்பும் வேணும்னா எப்படி? ஒண்ணைக் குடுத்தாத்தான் ஒண்ணு கிடைக்கும் போல. சீலிங்ல விரிசல் நேத்தைக்கு இருந்ததைவிட நீளமா தெரியுது. தெரியுதா, நானா நினைச்சுக்குறேனா? நாற்காலி போட்டு ஏறித் தொட்டுப் பாத்தேன், ஈரம், விரல் நுனியில துரு ஒட்டுது, மோந்து பாத்தா இரும்பு வாடை. தாழ்ப்பாள் கையோட வந்தா மாத்திக்கலாம். இது கையோட வந்தா? தார்ப்பாய் மறுபடி அடிச்சுக்குது. நேத்து அதை இழுத்துக் கட்டப் போனப்போ உடைஞ்ச தட்டோட்டு மேல கால் வச்சு என் செருப்பு வாரு அறுந்துபோச்சு, மூலையில கிடக்குது. ரெண்டு சொட்டு ஜன்னல் விளிம்புல விழுந்துச்சு. மழையே வராத, இப்ப வராத. வராதன்னா கேக்குமா, மழைகூட சாரைத்தான் கேக்கும் போலிருக்கு. ஐயோ, இதோ வண்டிச் சத்தம்.

குட்டியானை லோடு வண்டி நிறைய தகரம், மணல், கடப்பாரை, ஆளுங்க. எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வந்திருக்காரே, இன்னிக்கு முடிவு சொல்லிடறேன் வாங்கன்னு நான் சொன்னதை வச்சு, சார் வந்திருப்பாருன்னு நம்பித்தான் வந்திருக்காரு பாவம். சவரிமுத்து தன் செருப்பை வாசல்ல, ஒன்பதாம் நம்பருக்குப் பக்கத்துல, மரியாதையா கொஞ்சம் தள்ளி விட்டாரு. வணக்கம் மேடம், சார் வந்துட்டாருங்களா? குரலையே தணிச்சுக் கேக்குறாரு, உள்ள தூங்குறவரை எழுப்பிடக் கூடாதுங்குற மாதிரி. கண்ணாடி முன்னாடி பேசினது ஒண்ணும் வாயில வரல. மேல வாங்கன்னேன். மாடி பூரா உடைசல், வெறுங்காலோட ஏற முடியாது, என்னோடது அறுந்துகிடக்கு. ஒன்பதாம் நம்பருக்குள்ள காலை நுழைச்சேன். அவரு கண் முன்னாடியே. ரெண்டு விரக்கடை காலியா கிடந்துச்சு. டப்பு டப்புன்னு படியில சத்தம், இந்த வீட்டுல இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்ல. பின்னாலயே அவரு ஏறி வர்றாரு. தார்ப்பாயை விலக்கினேன், கம்பி தெரிஞ்சுது. சார்னு யாரும் இல்லன்னேன். என்னங்க மேடம்? சார் கிடையாது. இருந்ததும் இல்ல. எனக்குக் கல்யாணமே ஆகல. வீடு என்னோடது, லோன் என்னோடது, இந்த ஓட்டையும் என்னோடது, முழுசா எடுக்கச் சொல்றது நான். ஆரம்பிச்சா நிறுத்த முடியல, சத்தம் ஏறிக்கிட்டே போகுது. சவரிமுத்து கையைத் தாழ்த்தி, மெதுவா மேடம், மெதுவாங்குறாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன் மெதுவா பேசணும், என் வீட்டு மாடியில நான் ஏன்யா மெதுவா பேசணும்? அவரு படிப்பக்கம் தாடையை ஆட்டினாரு. கீழே மணல் மூட்டையோட ஆளுங்க ஏறி வர்ற சத்தம். எங்க அக்கா ஃபிலோமினா மணப்பாறையில தனியாத்தாங்க இருக்கு, அது வீட்டு வாசல்லயும் ஒரு ஜோடி கிடக்குதுங்க, என்னோட பழசுன்னாரு. என் காலைப் பாத்தாரு, உடனே பார்வையை எடுத்துக்கிட்டாரு. அதுக்குள்ள ஆளுங்க மேல வந்துட்டாங்க. பெரிய கொத்தனார் ஒருத்தர், சின்ன வயசுக்காரங்க ரெண்டு பேரு, சும்மாட்டுத் துணியோட ஒரு சித்தாளம்மா. சவரிமுத்து திரும்பி அவங்களைப் பாத்துக் கணீர்னு சொன்னாரு, சார் போன்ல சொல்லிட்டாருப்பா, முழுசா எடுக்கச் சொல்லிட்டாரு, மழைக்கு மறைப்பா தகரத்தைப் போட்டுட்டு ஆரம்பிங்க.

எவ்வளவு நல்ல மனுஷன். இழந்தேன்னு நினைச்சதை அப்படியே திருப்பி என் கையில குடுக்குறாரு, வாங்கி வச்சுக்கோ, கூரையும் ஆச்சு, செருப்பும் ஆச்சு, பேசாம கீழ போய் இவங்களுக்கு டீ போடு. போயிடலாம். கால் திரும்பக்கூட திரும்பிடுச்சு. அப்பத்தான் அந்தக் கொத்தனார் கேக்குறாரு, சாரு எந்த ஊர்லேருந்து பேசுனாருங்க? சவரிமுத்து முழிக்கிறாரு. பாவம், அவருக்குப் பொய் பழக்கமில்ல. இதுக்கு ஒரு ஊர் வேணும், அப்புறம் அந்த ஊர்ல ஒரு வேலை வேணும், நாளைக்குக் கம்பி எத்தனை இஞ்சுன்னு ஒரு கேள்வி வந்தா அதுக்கும் பரமானந்தம் பேசணும், அடுத்து சமையக்கட்டு, அதுக்கடுத்து தண்ணித் தொட்டி, நான் சாகுற வரைக்கும் என் வீட்டுல அந்த ஆளுதான் பேசிக்கிட்டு இருப்பான், நான் அவனுக்குச் செருப்பை நகத்தி வச்சுக்கிட்டு இருப்பேன். எந்த ஊரும் இல்லன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சார் சொல்லலீங்க, நான்தான் சொன்னேன். வீட்டுக்காரி நான்தான். இனி எதுவானாலும் என்கிட்ட கேளுங்க. சொல்லிட்டேன். முந்தானையை இழுத்து இடுப்புல செருகிக்கிட்டேன். சின்ன வயசுக்காரங்கள்ல ஒருத்தன் அடுத்தவனைப் பாத்தான். பாத்தது எனக்குத் தெரிஞ்சுது, இன்னிக்கு ராத்திரி இதை நினைச்சுப் பயப்படுவேன்னும் தெரிஞ்சுது. தாழ்ப்பாள் மாத்தணும், கொல்லைப்பக்கம் லைட் போடணும், பயம் வந்தா வரட்டும், என் கூரைக்குக் கீழதானே வரப்போகுது. சித்தாளம்மா என் காலையே பாத்துக்கிட்டு நின்னா, அப்புறம் என் முகத்தைப் பாத்தா, சும்மாட்டை அவுத்து உதறி இறுக்கிக் கட்டிக்கிட்டா. கீழ போன் அடிக்குது, அண்ணனாத்தான் இருக்கும். கொத்தனார் கடப்பாரையைக் கையில எடுத்துக்கிட்டு நேரா என்கிட்ட வந்து, எங்கேருந்துங்க ஆரம்பிக்கிறதுன்னாரு. இங்கேருந்துன்னு காலை நீட்டிக் காட்டினேன். காலுக்குப் பெரிய செருப்பு, வழுக்குது. விரலை மடக்கி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னேன்.